வீட்டு ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங்: அடைப்பு எங்கே என்று கண்டுபிடிப்பது எப்படி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் உட்கார்ந்து கல்யாண வீடியோ எடிட் செய்வது என் பிழைப்பு. ஆல்பம் வடிவமைக்கும் நண்பர் புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கிறார். முன்பெல்லாம் ஹார்ட் டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவேன். இப்போது அவரே என் கம்ப்யூட்டருக்குள் வந்து வேண்டிய ஃபைலை எடுத்துக்கொள்கிறார். இதற்கு வழி போர்ட் ஃபார்வர்டிங்: வெளியிலிருந்து ஒரு குறிப்பிட்ட வாசல் எண்ணுக்கு (அதுதான் போர்ட்) வரும் அழைப்பை, ரவுட்டர் வீட்டுக்குள் இருக்கும் கம்ப்யூட்டருக்குத் திருப்பிவிடுவது.

இதைப் பார்த்துவிட்டு ஸ்டுடியோ வைத்திருக்கும் ஏழெட்டுப் பேர் தங்கள் வீட்டிலும் செய்து பார்த்தார்கள். எல்லோரும் இடறியது ஒரே இடத்தில்தான். எடுத்த எடுப்பில் ரவுட்டர் பக்கத்தை, அதாவது பிரவுசரில் வரும் அதன் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, போர்ட் எண்ணை மாற்றி மாற்றிப் போட்டு, பத்து தடவை ரீஸ்டார்ட் செய்து, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எனக்கு போன் போட்டார்கள். ரவுட்டர் பக்கம் இந்த வழிகாட்டியில் ஏழாவது படி. முதல் ஆறும் சரியாக இருந்தால் ஏழாவது ஐந்து நிமிட வேலை. அந்த ஆறில் ஒன்று ஆட்டம் கண்டிருந்தால் ஏழாவதில் என்ன செய்தாலும் பலிக்காது.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்ட். வைஃபை பாஸ்வேர்ட் வேறு, இது வேறு. பெரும்பாலும் பெட்டியின் அடியில் ஸ்டிக்கரில் இருக்கும். இன்டர்நெட் கொடுத்தவர் மாற்றியிருந்தால் அவரிடம்தான் கேட்க வேண்டும்.

மொபைல் டேட்டா உள்ள ஒரு போன். வீட்டு வைஃபையில் இருந்துகொண்டு வெளிச் சோதனை செய்ய முடியாது. ஏன் என்று எட்டாவது படியில் வரும்.

கம்ப்யூட்டருக்கு ஒரு லேன் கேபிள். வைஃபையிலும் ஓடும்; ஆனால் பிரச்சினையைத் தேடும்போது சந்தேகத்துக்குரிய பொருள்கள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. தேவனாம்பட்டினம் பக்கம் வீடு என்றால் கேபிள் முனையையும் ஒருமுறை பாருங்கள். கடற்காற்றில் அந்தச் செம்பு ஊசிகளில் பச்சை பூத்துப்போய், இணைப்பு வந்து வந்து போகும்.

ஒரு தாளும் பேனாவும். ஐபி முகவரிகளை (நெட்டில் ஒவ்வொரு சாதனத்துக்கும் உள்ள எண்) மனதில் வைத்துக்கொள்ள முடியாது, அடுத்த நிமிடமே குழம்பிவிடும்.

அப்லோட் வேகத்தையும் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே இருப்பவர் உங்களிடமிருந்து இறக்கும் வேகம் உங்கள் அப்லோட் வேகத்தைத் தாண்டாது. நொடிக்கு 100 மெகாபிட் அப்லோட் என்றால் நொடிக்கு 12.5 மெகாபைட். 200 ஜிபி போய்ச் சேர நாலரை மணி நேரம் ஆகும். இருபது சொச்சம் கிலோமீட்டர் தூரத்துக்கு இன்னும் பஸ்தான் வேகம். தேவையான நாலு ஃபைலை மட்டும் எடுப்பதற்குத்தான் இந்த ஏற்பாடு.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்கிறேன். விண்டோஸ் கம்ப்யூட்டர், அதில் எஸ்எஃப்டிபி சர்வர் (கேட்பவருக்கு ஃபைலை மறையாக்கிக் கொடுக்கும் புரோகிராம்), உள்ளே போர்ட் 22, வெளியே போர்ட் 52022.

2. முதல் கேள்வி: பப்ளிக் ஐபி உங்களிடம் இருக்கிறதா?

பப்ளிக் ஐபி என்பது வெளி இன்டர்நெட்டிலிருந்து நேரடியாக அழைக்கக்கூடிய முகவரி. ரவுட்டர் பக்கத்தில் ஸ்டேட்டஸ் என்ற இடத்துக்குப் போங்கள். அங்கே வேன் ஐபி அல்லது இன்டர்நெட் ஐபி என்று ஓர் எண் இருக்கும். தாளில் எழுதுங்கள். அப்புறம் அதே வீட்டு நெட்டில் உள்ள கம்ப்யூட்டரில், உங்கள் ஐபி என்ன என்று காட்டும் ஏதாவது ஓர் இணையதளத்தைத் திறந்து, அது காட்டும் ஐபிவி4 எண்ணை (புள்ளி வைத்துப் பிரித்த நாலு எண்) அதன் கீழே எழுதுங்கள். விபிஎன் (உங்கள் நெட்டை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பும் செயலி) ஏதும் ஓடினால் நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

இரண்டும் ஒன்றேயானால் நான்காவது படிக்குப் போய்விடலாம்.

வேறு வேறாக இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். வெளியிலிருந்து வரும் அழைப்பு உங்கள் ரவுட்டர் வரை வருவதே இல்லை என்று அர்த்தம். தெருமுனை கேட் பூட்டியிருக்கும்போது வீட்டு வாசலைத் திறந்து வைத்து என்ன பயன்?

ரவுட்டரில் உள்ள எண் எப்படித் தொடங்குகிறது என்பதும் ஒரு தடயம். 192.168 என்று தொடங்கினால் பெரும்பாலும் உங்கள் வீட்டுக்குள்ளேயே இன்னொரு ரவுட்டர் நடுவில் நிற்கிறது. 100.64 முதல் 100.127 வரை என்றால் அது சிஜிநேட். பல வீடுகளுக்கு ஒரே பப்ளிக் ஐபியைப் பங்குபோடும் முறைக்காக 2012-ல் தனியாக ஒதுக்கப்பட்ட எண் வரிசை அது. 10 என்றோ, 172.16 முதல் 172.31 வரையோ தொடங்கினால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். நான் பார்த்தவரை இன்டர்நெட் கொடுப்பவர் பக்கம்தான்.

இங்கே ஒரு சின்னக் குழப்பம். டெய்ல்ஸ்கேல் (போர்ட் திறக்காமலே கம்ப்யூட்டர்களை இணைக்கும் செயலி) போட்டிருப்பவர்களின் கம்ப்யூட்டரிலும் 100-ல் தொடங்கும் முகவரி ஒன்று தெரியும். அது டெய்ல்ஸ்கேல் கொடுத்தது. ஒருவர் அதைப் பார்த்துவிட்டு சிஜிநேட் என்று முடிவுகட்டி கஸ்டமர் கேரில் சண்டை போட்டிருக்கிறார். கம்ப்யூட்டரில் தெரிவதைப் பார்க்காதீர்கள். ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தை மட்டும் பாருங்கள்.

3. எண்கள் பொருந்தவில்லை என்றால்

வீட்டுக்குள் இரண்டு பெட்டி இருப்பது நம் ஊரில் சர்வசாதாரணம். ஃபைபர் பெட்டி ஒன்று அவர்கள் மாட்டிவிட்டுப் போனது. மாடிக்கு சிக்னல் வரவில்லை என்று நாம் வாங்கிய ரவுட்டர் இன்னொன்று. இரண்டும் ரவுட்டராகவே வேலை செய்தால் போர்ட்டை இரண்டிலும் திறக்க வேண்டியிருக்கும். அப்படியும் செய்யலாம், ஆனால் ஒருநாள் எதையாவது மாற்றிவிட்டு மறந்துபோவீர்கள்.

எனக்குப் பிடித்த வழி, நாம் வாங்கிய ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றிவிடுவது. அது வைஃபையை மட்டும் பரப்பும், முகவரி கொடுக்கும் வேலை முழுவதும் ஃபைபர் பெட்டியிடம் போய்விடும். அதன் பிறகு போர்ட்டைத் திறக்க வேண்டிய இடம் ஃபைபர் பெட்டி ஒன்றுதான்.

எதிர்த்திசையிலும் போகலாம். ஃபைபர் பெட்டியை பிரிட்ஜ் முறைக்கு, அதாவது ரவுட்டர் வேலை செய்யாமல் இணைப்பை மட்டும் கடத்தும்படி மாற்றி, நம் ரவுட்டரே நேரடியாக லாகின் செய்யும்படி வைக்கலாம். இதைச் செய்வதற்கு முன் இரண்டு விஷயம். இணைப்பின் பயனர்பெயரும் பாஸ்வேர்டும் கையில் இருக்க வேண்டும். இல்லாமல் மாற்றினால் வீட்டில் நெட்டே இருக்காது. அந்தப் பெட்டியிலேயே லேண்ட்லைன் போனும் ஓடுகிறது என்றால் அது அடங்கிப்போக வாய்ப்பு உண்டு. பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெட்டி ஒன்றுதான், ஆனாலும் எண்கள் பொருந்தவில்லை என்றால் அது சிஜிநேட். உங்கள் பக்கம் செய்ய ஒன்றும் இல்லை, கேட்டுத்தான் வாங்க வேண்டும். அதை எப்படிக் கேட்பது என்பதில்தான் பலர் தோற்கிறார்கள். இன்டர்நெட் கொடுத்தவரோடு என் உரையாடலும் முதலில் இப்படித்தான் இருந்தது:

“நெட் வருதா தம்பி?”

“வருதுண்ணே.”

“அப்புறம் என்ன?”

போர்ட் திறக்கவில்லை என்று சொன்னால் யாருக்கும் புரியாது. “என் இணைப்பு சிஜிநேட்டில் இருக்கிறது, எனக்குத் தனி பப்ளிக் ஐபிவி4 வேண்டும்” என்று சொல்லுங்கள். சிசிடிவி கேமராவை வெளியூரிலிருந்து பார்க்க வேண்டும் என்று ஒரு வார்த்தை சேர்த்தால் இன்னும் சுலபமாகப் புரிந்துகொள்கிறார்கள், அந்தக் கோரிக்கை அவர்களுக்குப் பழக்கமானது. பெரும்பாலும் ஸ்டேட்டிக் ஐபி என்ற பெயரில் தனிக் கட்டணத்துக்குத் தருவார்கள். நமக்கு உண்மையில் தேவை பப்ளிக் ஐபி. அது ஸ்டேட்டிக்காக, அதாவது மாறாமல் இருப்பது கூடுதல் வசதி.

கொடுத்துவிட்டோம் என்று சொன்னதும் நம்பிவிட வேண்டாம். ரவுட்டரை அணைத்துப் போட்டுவிட்டு இரண்டாவது படியை மறுபடி செய்து பாருங்கள். இரண்டு எண்ணும் பொருந்திய பிறகுதான் அடுத்தது.

4. கம்ப்யூட்டருக்கு மாறாத முகவரி

ரவுட்டரில் எழுதப்போகும் விதி, 52022-க்கு வருவதை 192.168.1.50-க்கு அனுப்பு என்பதுதான். நாளைக்கு கரண்ட் போய் வந்ததும் கம்ப்யூட்டருக்கு 192.168.1.53 கிடைத்துவிட்டால் விதி அந்தரத்தில் நிற்கும். அல்லது 50-ஆம் எண் உங்கள் ஸ்மார்ட் டிவிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

இதற்கு ரவுட்டரில் டிஹெச்சிபி ரிசர்வேஷன் அல்லது அட்ரஸ் ரிசர்வேஷன் என்ற இடம் இருக்கும். கம்ப்யூட்டரின் மேக் முகவரியை (நெட்வொர்க் கருவியின் அடையாள எண்) கொடுத்து, இவருக்கு எப்போதும் 50 என்று பதிந்துவிடுங்கள். லேன் கேபிளுக்கு ஒரு மேக் முகவரி, வைஃபைக்கு வேறொன்று. கேபிளில் ஓட்டப் போகிறீர்கள் என்றால் கேபிளுடையதைப் பதியுங்கள். வைஃபை என்றால் விண்டோஸில் ரேண்டம் ஹார்ட்வேர் முகவரி என்ற வசதி அணைந்திருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் பதிந்தது வீண்.

கம்ப்யூட்டரிலேயே கையால் ஐபி போடும் வழியும் உண்டு. நான் அதைச் சொல்லிக்கொடுப்பதை விட்டுவிட்டேன். காரணம் கேட்வே, அதாவது வெளியே போகும் வழியாகக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் ரவுட்டர் எண். அந்தக் கட்டத்தில் தவறான எண் இருந்தால் வீட்டுக்குள் எல்லாம் அருமையாக ஓடும். வெளியிலிருந்து வருபவருக்குப் பதில் மட்டும் திரும்பிப் போகாது. அதைக் கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமையே போய்விடும்.

5. முதலில் வீட்டுக்குள் வேலை செய்ய வையுங்கள்

சர்வர் புரோகிராமை ஓடவிடுங்கள். போனை வீட்டு வைஃபையில் இணைத்து, எஸ்எஃப்டிபி செயலி ஒன்றில் 192.168.1.50, போர்ட் 22 என்று கொடுத்து உள்ளே போகப் பாருங்கள். ஃபோல்டர் தெரிய வேண்டும், ஒரு ஃபைல் இறங்க வேண்டும். வீட்டுக்குள்ளேயே வேலை செய்யாத ஒன்று வெளியிலிருந்து ஒருநாளும் வேலை செய்யாது. இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம்.

அந்த கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து சோதித்தால் கணக்கில் வராது. தன்னோடு தான் பேசுவதற்கு ஃபயர்வாலும் (வெளி அழைப்புகளைத் தடுக்கும் காவல்) குறுக்கே வராது, லேன் கேபிளும் தேவையில்லை. வேறொரு சாதனத்திலிருந்து பாருங்கள். கெஸ்ட் வைஃபையில் போன் இருந்தால் அதுவும் கூடாது, கெஸ்ட்டில் இருப்பவரை மற்ற சாதனங்களைப் பார்க்க விடாமல் ரவுட்டரே தடுக்கும்.

போகவில்லையா? விண்டோஸில் ரிசோர்ஸ் மானிட்டர் என்று தேடித் திறந்து, நெட்வொர்க் பகுதியில் லிசனிங் போர்ட்ஸ் என்ற பட்டியலைப் பாருங்கள். 22 அதில் இல்லை என்றால் சர்வர் ஓடவே இல்லை. இருந்தால், பக்கத்தில் முகவரி என்ன என்று பாருங்கள். லூப்பேக் என்று மட்டும் இருந்தால் அந்தப் புரோகிராம் தன் கம்ப்யூட்டரின் அழைப்பை மட்டும்தான் கேட்கிறது. அதன் அமைப்பில் எல்லா முகவரியிலும் கேட்கும்படி மாற்றுங்கள். ஐபிவி4 அன்ஸ்பெசிஃபைட் என்று இருந்தால் சரியாக இருக்கிறது. அதே வரிசையின் கடைசியில் ஃபயர்வால் அனுமதிக்கிறதா இல்லையா என்பதும் எழுதியிருக்கும்.

6. ஃபயர்வால்

விண்டோஸ் ஃபயர்வாலை முழுசாக அணைத்துவிட்டுச் சோதிப்பது பழைய பழக்கம். அணைத்ததை மறுபடி போட மறந்துபோவதும் பழைய பழக்கம்தான். அணைக்காமல் இன்பவுண்ட் விதி (உள்ளே வரும் அழைப்புக்கான விதி) ஒன்று எழுதுங்கள்: போர்ட், டிசிபி, 22, அனுமதி.

இதில் மூன்று இடத்தில் கால் வழுக்கும்.

ஒன்று, நெட்வொர்க் வகை. வீட்டுக்கு விண்டோஸில் பிரைவேட், பப்ளிக் என்று இரண்டு வகை. பிரைவேட்டுக்கு மட்டும் விதி எழுதியிருப்பீர்கள். ரவுட்டரை மாற்றினால் விண்டோஸ் அதைப் புது நெட்வொர்க் என்று நினைத்து பப்ளிக்கில் போட்டுவிடும். நேற்று வரை ஓடியது இன்று நின்றுவிட்டது, ஒன்றுமே மாற்றவில்லை, ரவுட்டரை மட்டும்தான் மாற்றினேன் என்று சொல்பவர்களுக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது இதை.

இரண்டு, ஸ்கோப். விதியின் ஸ்கோப் பகுதியில் ரிமோட் முகவரி லோக்கல் சப்நெட் என்று இருந்தால் வீட்டுக்குள் இருப்பவருக்கு மட்டும் அனுமதி. ஐந்தாவது படி அழகாகத் தேறிவிடும், எட்டாவது படி தோற்கும். ரவுட்டர் மேல் பழி விழும்.

மூன்று, ஆன்டிவைரஸ். காசு கொடுத்து வாங்கிய பல ஆன்டிவைரஸ்களுக்குச் சொந்த ஃபயர்வால் உண்டு. விண்டோஸில் எழுதிய விதி அங்கே செல்லாது. அதற்குள்ளும் போய் அனுமதி தர வேண்டும்.

7. இப்போது ரவுட்டர்

பக்கத்தின் பெயர் பெட்டிக்குப் பெட்டி மாறும். போர்ட் ஃபார்வர்டிங் என்றே இருக்கலாம், வர்ச்சுவல் சர்வர் என்றும் இருக்கலாம், நேட் என்ற தலைப்புக்குள் ஒளிந்தும் இருக்கலாம். போர்ட் ட்ரிகரிங் என்று ஒன்று பக்கத்திலேயே இருக்கும். அது வேறு, அதைத் தொட வேண்டாம்.

நிரப்ப வேண்டியவை: வெளிப் போர்ட் 52022, உள் முகவரி 192.168.1.50, உள் போர்ட் 22, வகை டிசிபி. வெளிப் போர்ட் தொடக்கம், முடிவு என்று இரண்டு கட்டம் இருந்தால் இரண்டிலும் 52022. சோர்ஸ் போர்ட், ரிமோட் ஐபி என்று கட்டங்கள் இருந்தால் காலியாக விடுங்கள். சோர்ஸ் என்பது வெளியே இருப்பவரின் பக்கம். அவருடைய போர்ட் ஒவ்வொரு தடவையும் மாறும். அதில் 52022 என்று நிரப்பிவிட்டு, விதி சரியாகத்தானே இருக்கிறது என்று மணிக்கணக்கில் விழித்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஏன் 52022? 49152 முதல் 65535 வரையுள்ள எண்கள் எந்தச் சேவைக்கும் நிலையாக ஒதுக்கப்படாதவை. 80, 443, 8080 போன்றவற்றை ரவுட்டரே தன் அட்மின் பக்கத்துக்கு வைத்திருக்கலாம், சிறிய எண்கள் சிலவற்றை இன்டர்நெட் கொடுப்பவரே அடைத்து வைத்திருப்பதும் உண்டு. பெரிய எண் என்றால் இந்தத் தொல்லை இல்லை. ஒரே வெளிப் போர்ட்டை இரண்டு கம்ப்யூட்டருக்குக் கொடுக்க முடியாது. இரண்டாவதற்கு 52023 என்று போடுங்கள்.

நம் ஊர் ஃபைபர் பெட்டிகளில் இன்னொரு கட்டம் இருக்கும், வேன் இணைப்பு என்று. அந்தப் பெட்டிக்குள் இரண்டு மூன்று இணைப்புகள் இருக்கலாம்: ஒன்று இன்டர்நெட், ஒன்று போன் குரல், ஒன்று கம்பெனி தொலைவிலிருந்து பெட்டியை நிர்வகிக்க. பட்டியலில் முதலில் வருவது இன்டர்நெட்தான் என்று ஒரு கட்டாயமும் இல்லை. ஸ்டேட்டஸ் பக்கத்தில் எந்த இணைப்பின் எதிரே உங்கள் பப்ளிக் ஐபி இருக்கிறதோ அதன் பெயரையே இங்கே தேர்ந்தெடுங்கள். எனக்கே இரண்டு மாலை வீணானது இந்த ஒரு கட்டத்தில்தான். விதி இருந்தது, டிக் இருந்தது, சேவ் ஆகியும் இருந்தது; எல்லாம் போன் குரல் போகும் பாதையில்.

டிஎம்இசட் என்ற வசதியைப் போட்டால் எல்லாம் திறந்துகொள்ளும் என்று யாராவது சொல்லுவார்கள். திறந்துகொள்ளும், அதுதான் பிரச்சினை. எல்லாப் போர்ட்டும் அந்தக் கம்ப்யூட்டரை நோக்கித் திறந்துவிடும்.

8. வெளியிலிருந்து சோதனை

போனில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவுக்கு வாருங்கள். அதே செயலியில் இப்போது பப்ளிக் ஐபி, போர்ட் 52022.

வைஃபையில் இருந்துகொண்டு பப்ளிக் ஐபியை அழைத்தால், அழைப்பு ரவுட்டர் வரை போய் அங்கிருந்தே உள்ளே திரும்பி வர வேண்டும். பல வீட்டு ரவுட்டர்களுக்கு இந்தக் கொக்கி போட்டுத் திரும்பும் வேலை தெரியாது. வெளியில் எல்லாம் சரியாக இருந்தாலும் உள்ளே தோற்கும். ஒருமுறை லாஸ்பேட்டை நண்பருக்கு ஃபைல் இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. நான் இங்கே வைஃபையில் சோதித்து, வரவில்லை என்று ரவுட்டரை ரீசெட் செய்து அவர் இணைப்பை அறுத்துவிட்டேன்.

போர்ட் திறந்திருக்கிறதா என்று பார்க்கும் இணையதளங்களும் உண்டு. சர்வர் புரோகிராம் ஓடும்போது மட்டுமே அவை திறந்திருக்கிறது என்று சொல்லும். புரோகிராமை மூடிவிட்டுச் சோதித்தால் எப்போதும் மூடியிருப்பதாகத்தான் வரும். பிங் செய்து பார்ப்பதிலும் பயனில்லை. ரவுட்டரும் விண்டோஸும் பிங்குக்குப் பதில் சொல்லாமல் இருப்பது வழக்கம்.

9. என்ன பிழை வருகிறது என்று படியுங்கள்

வேலை செய்யவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். எப்படி வேலை செய்யவில்லை என்பதில்தான் விடை இருக்கிறது.

பாஸ்வேர்ட் தவறு என்று வந்தால் சந்தோஷப்படுங்கள். பாதை முழுக்கத் திறந்துவிட்டது, மிச்சம் இருப்பது பயனர்பெயர் அல்லது பாஸ்வேர்ட் கோளாறு.

இணைப்பு மறுக்கப்பட்டது என்று உடனே வந்தால் வழியில் யாரோ பதில் சொல்லியிருக்கிறார்கள். கம்ப்யூட்டர் வரை போய், அங்கே கேட்க ஆளில்லாமல் இருக்கலாம், உள் போர்ட் எண் தவறாக இருக்கலாம், அல்லது ரவுட்டரே விதியைக் காணாமல் திருப்பி அனுப்பியிருக்கலாம்.

நேரம் கடந்தது என்று அரை நிமிடம் சுற்றிவிட்டு வந்தால் அழைப்பு எங்கேயோ விழுங்கப்பட்டது. சிஜிநேட், தவறான வேன் இணைப்பு, தூங்கிப்போன கம்ப்யூட்டர், ஃபயர்வால் எல்லாமே இந்த வரிசையில் வரும். விண்டோஸ் ஃபயர்வால் பல நேரம் மறுப்பைக்கூடச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருக்கும். அதனால் நேரம் கடந்தது என்பதை மட்டும் வைத்து ரவுட்டரைக் குற்றவாளி ஆக்க முடியாது.

இங்கே முட்டி நிற்பவர்களுக்கு வயர்ஷார்க்தான் பஞ்சாயத்து. கம்ப்யூட்டருக்கு வந்து போகும் தரவை வரி வரியாகக் காட்டும் புரோகிராம் அது. அதைக் கம்ப்யூட்டரில் போட்டு, லேன் இணைப்பைத் தேர்ந்தெடுத்து, டிசிபி போர்ட் 22 மட்டும் காட்டும்படி வடிகட்டிவிட்டு, போனில் மொபைல் டேட்டாவிலிருந்து ஒருமுறை அழையுங்கள்.

ஒரு வரிகூட வரவில்லையா? பிரச்சினை ரவுட்டரிலோ அதற்கு வெளியிலோ. இரண்டாவது, ஏழாவது படிக்குத் திரும்புங்கள். சின் (இணைப்பைத் தொடங்கும் அழைப்பு) என்ற வரி வெளி முகவரியிலிருந்து வந்து, கம்ப்யூட்டரிடமிருந்து பதிலே இல்லையா? ரவுட்டர் நிரபராதி, ஆறாவது படிக்குப் போங்கள்; அங்கே எல்லாம் சரியென்றால் கேட்வே எண்ணையும் பாருங்கள். கம்ப்யூட்டர் சின் ஆக் என்று பதில் அனுப்பியும் அதே வரிகள் திரும்பத் திரும்ப வருகின்றனவா? பதில் வழிதவறுகிறது. கேட்வே எண்ணைப் பாருங்கள். கேபிள் ஒரு ரவுட்டருக்கும் வைஃபை இன்னொரு ரவுட்டருக்குமாக கம்ப்யூட்டர் இரண்டு பக்கமும் இணைந்திருக்கிறதா, விபிஎன் ஓடுகிறதா என்றும் பாருங்கள்.

10. எஃப்டிபியும் டோரன்ட்டும்

எஸ்எஃப்டிபிக்குப் பதில் பழைய முறையான எஃப்டிபியை வைத்தால், லாகின் ஆகும், ஃபோல்டர் பட்டியல் மட்டும் வராமல் தொங்கும். கட்டளைகள் போக ஒரு போர்ட், ஃபைல்கள் போக வேறு போர்ட்டுகள் என்று அது இரண்டு பாதையில் ஓடுவதால் வரும் தொல்லை இது. சர்வர் அமைப்பில் பேசிவ் போர்ட்டுகளுக்கு (ஃபைல்கள் போகும் போர்ட்டுகள்) 50000 முதல் 50010 வரை என்று ஒரு வரம்பு கொடுத்து, அதே எண்களை ஃபயர்வாலிலும் ரவுட்டரிலும் எண் மாறாமல் திறக்க வேண்டும். பேசிவ் முகவரி என்ற கட்டத்தில் பப்ளிக் ஐபியைப் போட வேண்டும். இல்லையென்றால் சர்வர் வெளியூர்க்காரரிடம் 192.168.1.50-க்கு வா என்று சொல்லும். இவ்வளவு வம்பு வேண்டாம் என்றுதான் ஒரே போர்ட்டில் முடியும் எஸ்எஃப்டிபியைச் சொல்கிறேன். சாதாரண எஃப்டிபியில் பாஸ்வேர்டும் மறைக்கப்படாமல் போகும்.

டோரன்ட் என்றால் டிசிபி, யூடிபி இரண்டையும் ஒரே எண்ணில் திறங்கள். புரோகிராமில் ஒவ்வொரு முறையும் போர்ட்டை மாற்று என்ற டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். யூபிஎன்பி வழியாகப் புரோகிராமே போர்ட்டைத் திறந்திருந்தால் கைவிதி தேவையில்லை. இரண்டையும் ஒரே எண்ணுக்கு வைத்து மோதவிட வேண்டாம்.

11. நாலு நாள் ஓடிவிட்டு நின்றால்

பெரும்பாலும் பப்ளிக் ஐபி மாறியிருக்கும். மழைக்காலத்தில் கரண்ட் போய்ப் போய் வரும்போது ரவுட்டர் ஒவ்வொரு முறையும் புதிதாக இணைந்து புது எண்ணை வாங்கும். ஸ்டேட்டிக் ஐபி வாங்காதவர்கள் ரவுட்டரிலேயே டைனமிக் டிஎன்எஸ் அமைத்துக்கொண்டால், எண் மாறினாலும் பெயர் மாறாது. நண்பருக்குப் பெயரைக் கொடுத்தால் போதும். ரவுட்டருக்கென்று ஒரு சின்ன 12 வோல்ட் யுபிஎஸ் வாங்கி வைத்தால் பாதித் தொல்லை குறையும்.

கம்ப்யூட்டர் ஸ்லீப்புக்குப் போகிறதா என்றும் பாருங்கள். திரை அணையலாம், கம்ப்யூட்டர் தூங்கக் கூடாது.

பப்ளிக் ஐபி கேட்டு வாங்கியவர்கள் மறுபடி சிஜிநேட்டுக்குள் தள்ளப்படுவதும் நடக்கிறது. பிளான் மாறியபோது எனக்கு நடந்தது, யாரும் சொல்லவில்லை. ஆகவே எது நின்றாலும் முதலில் செய்வது இரண்டாவது படிதான்.

12. திறந்த வாசலைக் கவனிப்பது

என் சர்வர் பதிவேட்டை முதல் வாரம் திறந்து பார்த்தபோது, முன்பின் தெரியாத முகவரிகள் அட்மின், ரூட் என்று பெயர் மாற்றி மாற்றித் தட்டிப் பார்த்திருந்தன. தானியங்கி நிரல்கள் இன்டர்நெட் முழுக்க இப்படிக் கதவு தட்டிக்கொண்டே இருக்கின்றன. 52022 போன்ற எண்ணால் தட்டல் குறையும், நிற்காது.

பகிர்வுக்கென்று தனிப் பயனர், ஒரே ஒரு ஃபோல்டர், முடிந்தால் படிக்க மட்டும் அனுமதி. நீளமான பாஸ்வேர்ட்; செய்யத் தெரிந்தவர்கள் அதற்குப் பதில் விசைக் கோப்பால் உள்ளே வரும் முறையை வைக்கலாம். வேலை முடிந்ததும் ரவுட்டர் விதியின் டிக்கை எடுத்துவிடுங்கள், அழிக்க வேண்டாம்.

445-ஐ மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். விண்டோஸ் ஃபோல்டர் பகிர்வு அந்தப் போர்ட்டில்தான் ஓடுகிறது. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற கெடுதல் நிரல் உலகம் முழுக்கப் பரவியது அந்த வழியாகத்தான். ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389-ஐயும் திறக்காதீர்கள்.

13. பப்ளிக் ஐபி கிடைக்கவே இல்லை என்றால்

முதலில் ஐபிவி6 (ஐபிவி4-க்குப் பின் வந்த நீளமான முகவரி முறை) இருக்கிறதா பாருங்கள். ரவுட்டர் ஸ்டேட்டஸில் 2-ல் தொடங்கும் நீளமான முகவரி இருந்தால் பெரும்பாலும் உங்கள் கம்ப்யூட்டருக்கே நேரடி முகவரி இருக்கும். ஃபார்வர்டிங் தேவையில்லை, ரவுட்டரின் ஐபிவி6 ஃபயர்வாலில் மட்டும் வழிவிட வேண்டும். அந்த அமைப்பையே காட்டாத ஃபைபர் பெட்டிகளும் உண்டு. எதிர்முனையில் இருப்பவருக்கும் ஐபிவி6 இருந்தாக வேண்டும்.

அதுவும் இல்லையென்றால் டெய்ல்ஸ்கேல் அல்லது இரண்டு கம்ப்யூட்டரிலும் ஃபைல்களை ஒன்றுபோல் வைத்திருக்கும் சின்க்திங். இரண்டு பக்கமும் வெளிநோக்கி இணைந்து நடுவில் சந்தித்துக்கொள்வதால் போர்ட் திறக்கும் வேலையே இல்லை. எப்போதாவது நாலு ஃபைல் அனுப்புகிறவர்கள் இந்தப் பதின்மூன்றாவது படியிலேயே தொடங்கியிருக்கலாம் என்பது என் எண்ணம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். நேரடியாகச் சந்திக்க முடியாதபோது இவை ரிலே எனப்படும் நடு சர்வர் வழியாகப் போகும். ஃபைல் மறையாக்கப்பட்டுத்தான் போகும். ஆனால் வேகம் படுத்துவிடும். இணைப்பு நிலையில் டைரக்ட் என்று இருக்கிறதா, ரிலே என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பெரிய ஃபைலைத் தொடங்குங்கள். ரிலே என்று காட்டினால், ஒரு முனையில் மட்டுமாவது பப்ளிக் ஐபி உள்ள இணைப்பு இருந்தாலே பெரும்பாலும் டைரக்ட்டாக மாறிவிடும்.